ஓராசிரியர் பள்ளிகளும் ஆசிரியர் கூடுகைகளும்: மதனப்பள்ளி முதல் பழவேற்காடு வரை

2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டை, தடா பகுதிகள் நெல்லூரிலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. அவற்றோடு பழவேற்காடு ஏரியின் பெரும்பரப்பும் ஸ்ரீஹரிகோட்டா, வேனாடு, இரக்கம் ஆகிய தீவுகளும் அந்த மாவட்டத்துக்கு வந்தன. ராக்கெட் ஏவுதளம் இருப்பதால் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே சாலை உண்டு. தமிழும் தெலுங்கும் புழங்கும் மீனவர் ஊரான இரக்கத்துக்கோ பீமுனிவாரிபாளையத்திலிருந்து படகுதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் காற்றெடுத்துவிட்டால் படகை நம்பிப் புறப்பட முடியாது. கரையில் நடக்கும் பயிற்சிக் கூட்டத்துக்கு இப்படிப்பட்ட ஊரின் ஆசிரியர் போக வேண்டுமென்றால் அன்றைய பாடம் போய்விடும். பாடத்தை விட மனமில்லை என்றால் கூட்டம் போய்விடும்.

இந்த இக்கட்டு தீவுகளுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கே, மதனப்பள்ளியைச் சுற்றிய மலையடிவாரக் குக்கிராமங்களும் இதே நிலையில்தான் இருந்தன. அங்கே கிடைத்த விடையை ஆராயும்போது ஒன்று தெளிவாகிறது. ஆசிரியர் கூடுகையின் பயனைப் பெரிதும் தீர்மானித்தது அது நடந்த இடம்.

அரசின் முயற்சிகளை முதலில் பார்க்கலாம். 1964-66இல் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியை மையமாக வைத்துச் சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளை ஒரே தொகுப்பாக இணைக்கப் பரிந்துரைத்தது. ஆந்திர ஆசிரியர்கள் இன்றும் ‘ஸ்கூல் காம்ப்ளெக்ஸ் மீட்டிங்’ என்று சொல்வது அந்த யோசனையின் தொடர்ச்சியே. 1983இல் பிரிட்டிஷ் உதவியோடு சோதனை முறையில் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் தொடக்கக் கல்வித் திட்டம், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து கூட ஆசிரியர் மையங்களை ஏற்படுத்தியது. செய்து கற்பது, குழுவாகக் கற்பது, சுற்றுப்புறத்தையே பாடமாக்குவது ஆகியவை அதன் கொள்கைகளில் சில. 1986 தேசியக் கல்விக் கொள்கை மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களுக்கு வழிவகுத்தது. சித்தூர் மாவட்டத்துக்கான நிறுவனம் கார்வேட்டிநகரத்தில் அமைந்தது. 1987இல் வந்த கரும்பலகைத் திட்டம் ஓராசிரியர் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியரைத் தர முனைந்தது.

இவை எல்லாமே தேவையான முயற்சிகள். ஆனால் பாடநூல்களும் கால அட்டவணையும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கிலேயே இருந்தன. ஐந்து வகுப்புகளை ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டிருப்பவர் கூட்டத்தில் கேட்டதை மறுநாள் தன் பள்ளியில் எங்கே பொருத்துவார்?

அந்த இடத்தில்தான் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிப் பள்ளத்தாக்கு வருகிறது. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி அந்தப் பள்ளத்தாக்கில் உருவாக்கிய உறைவிடப் பள்ளி பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கானது. அதன் ஊரகக் கல்விப் பணிக்கு 1980களில் வந்து சேர்ந்த ராமா, பத்மநாப ராவ் தம்பதி, சுற்றியிருந்த குக்கிராமங்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். உள்ளூர் இளைஞர்களையே ஆசிரியர்களாகத் தயார்செய்தார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதைக் குறையாகப் பார்க்காமல், அதையே கற்பித்தலின் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளிச் சுவரில் கற்றல் ஏணி ஒன்று தொங்கும். பாடம் முழுவதும் சிறு சிறு மைல்கற்களாக அதில் ஏறிச் செல்லும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படக்குறி. பிள்ளை தன் படியைப் பார்த்து, அந்தக் குறியுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை முழுதாக வேண்டும், இன்னொன்றுக்குப் பாதி போதும், மற்றொன்றில் சக மாணவரே உதவுவார், வேறொன்றில் பிள்ளை தானே செய்யும். ஆசிரியர் தரையில் உட்கார்ந்து, அந்த நேரத்தில் தன்னை விட்டால் நகர முடியாத குழுவோடு இருப்பார். ஒரு வாரம் காய்ச்சலிலோ அறுவடையிலோ பள்ளிக்கு வராத பிள்ளை, திரும்பி வந்து, தான் விட்ட படியிலிருந்தே தொடரலாம். கூலி வேலைக் குடும்பங்கள் வாழும் வறண்ட பூமியில் இந்த ஒரு வசதியின் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

அட்டைகளில் உள்ளூர்க் கதைகளும் பாட்டும் விடுகதையும் இடம்பெற்றன. ஆசிரியர்கள் கூடியது இவற்றை எழுதவும், பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கவும், எடுபடாததைத் திருத்தவும். பயிற்சிக்கு வந்தவர்களின் கண்முன்னால் நடந்துகொண்டிருக்கும் வகுப்பு இருந்தது. ஊர்மக்களைப் பள்ளிக்கு வரவழைத்த ‘மெட்ரிக் மேளா’க்களில் பிள்ளைகளே பெரியவர்களுக்கு உயரமும் எடையும் அளந்து கணக்கைக் காட்டினார்கள்.

பார்க்க வந்தவர்கள் இதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையின் ஆசிரியர்கள் ரிஷிவேலியைப் பார்த்துத் திரும்பிய பிறகு, 1995இல் அங்கே ‘நலி கலி’ என்ற கற்பித்தல் முறை பிறந்தது. 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டார்கள். 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆந்திரத்துக் குக்கிராமத்தில் உருவானதைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் கையில் பிடித்துப் படித்தார்கள் என்பது தென்னிந்தியக் கல்வி வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய அத்தியாயம்.

விரிவுக்கு ஒரு விலையும் இருந்தது. ரிஷிவேலியில் அட்டையை எழுதியவரும் அதைக் கையாண்டவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள். தமிழகம் முழுக்கப் போனபோது அட்டைகள் அச்சாகி மேலிருந்து வந்தன. திருத்தும் வேலை ஆசிரியரின் கையைவிட்டுப் போனதும், தொகுப்புக் கூட்டத்துக்கு இணையான குறுவள மையக் கூட்டம் அறிவுரை கேட்கும் இடமாகச் சுருங்கும் அபாயம் வந்தது. முறை தளர்ந்ததற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் காட்டுவோர் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. கொரோனா காலத்தில் ‘நிஷ்டா’ என்ற தேசிய ஆசிரியர் பயிற்சி இணையவழியாக மாறியதும், படகேறாமலே பயிற்சி பெறலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. பாடப்பொருளுக்கு அது உதவும். ஆனால் தனியாகப் பாடம் நடத்துபவருக்கு முதலில் வேண்டியது, தன்னைப் போன்ற இன்னொருவர் வகுப்பை நடத்துவதை அருகிருந்து பார்ப்பதும், தன் வகுப்பை அவருக்குக் காட்டுவதும்தான்.

தீவுப் பள்ளிகளுக்கு நிர்வாகம் தனி இடம் கொடுத்த ஒரு முன்மாதிரி இலங்கையில் உண்டு: யாழ்ப்பாணத்தில் தீவகத்துக்கென்றே தனிக் கல்வி வலயம் இருக்கிறது. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பள்ளிகள் அதில் அடங்கும். நெடுந்தீவு ஆசிரியர் அப்போதும் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும் என்றாலும், தீவுப் பள்ளிகளைத் தனித் தேவையுள்ள ஒரு தொகுதியாக நிர்வாகம் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம்.

திருப்பதி மாவட்டத்திலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காற்றுக் காலம் தொடங்கும் முன், ஜூலையிலோ ஆகஸ்டிலோ, தடா மண்டலத்தின் ஒரு தொகுப்புக் கூட்டத்தை இரக்கத்தில், பிள்ளைகள் இருக்கும்போதே நடத்தலாம். கரையில் உள்ள ஆசிரியர்கள் படகேறிப் போய்க் காலையில் வகுப்பைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் வலையும் இறாலும் ஏரியின் மீன்களும் வரும் அட்டைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, அடுத்த கூட்டத்துக்குள் தங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம்.