பூர்வீகம் தெரியாத ‘டாக்’

நாய்க்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல் ‘ஹுண்ட்’. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். லத்தீனின் ‘கானிஸ்’, சமஸ்கிருதத்தின் ‘ச்வன்’ எல்லாம் அதற்குத் தூரத்து உறவு. இப்படிப் பெரிய குடும்பத்துச் சொல்லை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, எந்த உறவும் பிடிபடாத ‘டாக்’ நடுவீட்டில் வந்து உட்கார்ந்தது எப்படி? இதற்குச் சொல்லாராய்ச்சியாளர்களிடம் இன்னும் முடிவான விடை இல்லை.

பழைய ஆங்கில ஏடுகளில் இதன் மூல வடிவம் மிக அரிது. 11ஆம் நூற்றாண்டில், லத்தீன் நூலொன்றுக்கு எழுதிய பொருள் குறிப்பில் தலைகாட்டுகிறது. தவளைக்கான ‘ஃப்ராக்’, பன்றிக்கான ‘பிக்’, ஆண் மானுக்கான ‘ஸ்டாக்’ ஆகியவற்றின் பழைய வடிவங்களும் இதே ஓசையில்தான் முடிந்தன. வீட்டுப் பேச்சில் செல்லமாகவோ கொச்சையாகவோ புழங்கிய சொற்கள் இவை என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எழுதுகிறவர்கள் ஏட்டில் ஏற்றத் தயங்கிய சொல்லைத்தான் நாய் வளர்த்தவர்கள் வாய் நிறையக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

தூங்குகிற நாயை எழுப்பாதே என்ற பழமொழி 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ‘ட்ராய்லஸ் அண்ட் கிரிசெய்ட்’ காவியத்தில் வருகிறது. அங்கே தூங்குவது பழைய ‘ஹுண்ட்’டின் வழிவந்த ‘ஹவுண்ட்’. இன்றைய ஆங்கிலேயர் வாயில் தூங்குவது ‘டாக்’. 16ஆம் நூற்றாண்டுக்குள் இடமாற்றம் முடிந்துவிட்டது: ‘டாக்’ எல்லா நாய்க்கும் பொதுப்பெயர், ‘ஹவுண்ட்’ வேட்டை நாய்க்கு மட்டும். ஸ்பானிஷிலும் லத்தீன் வழிவந்த ‘கான்’ ஒதுங்கி, மூலம் தெரியாத ‘பெர்ரோ’ வந்தது. நாய்க்கு மட்டும் ஏன் இப்படி நேர்கிறது என்பது என்னை விடாமல் குடைகிற கேள்வி.

பிறகு சொல் இரும்பிலும் ஏறியது. கணப்பில் விறகுக் கட்டைகளைத் தாங்கும் இரட்டை இரும்புக் கால்கள் ‘ஃபயர்டாக்’. நெருப்பருகே படுத்துக் கிடப்பதால் வந்த பெயராக இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்களும் அதை நாய்க்குட்டி என்றே அழைத்தார்கள். கப்பலின் கதவை இறுக்கும் கொண்டியும் ‘டாக்’, கடைசல் இயந்திரத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடியும் ‘டாக்’. கவ்வினால் விடாத எதுவும் நாய்தான். துப்பாக்கியில் நாம் குதிரையைப் பார்த்தோம், ஆங்கிலேயர் சேவலைப் பார்த்தார்கள், பிரெஞ்சுக்காரர் அங்கேயும் நாயைப் பார்த்தார்கள்.

‘நாய்ப் பிழைப்பு’ என்று நாம் சொல்வதை ஆங்கிலேயரும் ‘டாக்ஸ் லைஃப்’ என்கிறார்கள். அது வெறும் வசவு அன்று என்பதற்கு ‘டர்ன்ஸ்பிட்’ நாயே சாட்சி. நீண்ட உடம்பு, குட்டையான கோணல் கால்கள். அடுப்பங்கரைச் சுவரில் உயரே பொருத்திய மரச்சக்கரத்துக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் சங்கிலி, நெருப்பின் முன் இறைச்சிக் கம்பியைச் சுழற்றும். கறி வேகும்வரை நாய்க்கு ஓய்வில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே பதிவான இந்த வேலை, இயந்திரக் கம்பிகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் ஒழிந்தது. கூடவே அந்த இனமும் மறைந்தது. வேல்ஸில் அபெர்கவென்னி அருங்காட்சியகத்தில், பாடம் செய்த ஒன்று மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.

‘டாக்டு’ என்ற பெயரடைக்கு முதலில் சிடுமூஞ்சி, கொடூரம் என்றுதான் பொருள். பின்னாளில் அதுவே விடாப்பிடியான உழைப்பைப் பாராட்டும் சொல்லாயிற்று. நாய்ச் சண்டையில் கீழே விழுந்து கடிபடும் நாய் ‘அண்டர்டாக்’, மேலே நிற்பது ‘டாப் டாக்’. இங்கிலாந்தில் அந்தச் சண்டைகளுக்கு 1835இல் சட்டம் தடைபோட்டது. சொல்லோ அந்த நூற்றாண்டிலேயே சண்டைக்களத்தைத் தாண்டி மனிதர்களுக்கும் வந்தது. இன்று கிரிக்கெட் வர்ணனையில் ஓர் அணியை ‘அண்டர்டாக்’ என்றால், பாதி அரங்கம் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.