வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு வன்தட்டு: பாயான் லெப்பாசின் வரலாறு சொல்வது



பாயான் பாருவில் வாழும் ஒரு குடும்பம், வீட்டுக் கணிப்பொறிக்கு வன்தட்டு வாங்கக் கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதனை ஹார்ட் டிஸ்க் என்பார். இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைப்பார். "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு விலைச்சீட்டில் விடை கிடையாது, வரலாற்றில் உண்டு. அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயமோ, பாயான் பாருவுக்கு அடுத்துள்ள பாயான் லெப்பாஸ் ஆலைகளிலேயே நிகழ்ந்தது. அதனை இன்று காண்போம்.

வன்தட்டு என்பது என்ன? பழைய இசைத்தட்டை நினைத்துக்கொள்வோம். தட்டு சுழலும், முள் அதனைத் தொட்டுப் பாட்டை எழுப்பும். வன்தட்டிலும் காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஆனால் எழுதிப் படிக்கும் தலை, தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் அது மிதக்கிறது. தொட்டால் கேடு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னே வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டது. 24 அங்குலக் குறுக்களவுள்ள 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். அதற்குள் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு அந்த இடம் சரியாய்ப் போய்விடும். 1980இல் சீகேட் நிறுவனம் அதே அளவு கொள்ளும் வன்தட்டை ஐந்தேகால் அங்குலத்துக்குச் சுருக்கியது. 1983இல் ஐ.பி.எம். தன் மேசைக் கணிப்பொறி ஒன்றில் பத்து மெகாபைட் வன்தட்டைப் பொருத்தி விற்றது. அலுவலகத்தின் தனி அறையில் இருந்த பொருள், மேசைக்கு வந்து சேர்ந்தது.

இனி பினாங்குக்கு வருவோம். 1969இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிபம் குன்றியது, வேலையில்லாதோர் பெருகினர். அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் வழியே ஒரு புது வழியைத் தேடினார். நெல்வயல்களும் மீனவச் சிற்றூர்களும் சூழ்ந்த பாயான் லெப்பாசில், 1972இல் சுதந்திர வாணிப வலயம் எழுந்தது. இண்டெல், ஹிட்டாச்சி, போஷ், ஹியூலெட் பக்கார்ட் முதலிய நிறுவனங்கள் வந்தன. தொழிலாளர் குடியிருக்க அருகிலேயே ஒரு நகர் அமைந்தது. அதுவே பாயான் பாரு. மலாய் மொழியில் 'பாரு' என்றால் 'புதிய' என்று பொருள்.

அந்த ஆலைகளில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். மலாய்க் கம்பங்களிலிருந்தும், சீனர் குடியிருப்புகளிலிருந்தும், கடலுக்கு அப்பால் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். பால்மரம் வெட்டிய தாயின் மகள், ஆலைப் பேருந்தில் ஏறி இரவு வேலைக்குப் போனாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லுகளோடு இணைத்தாள்.

இந்தப் பழக்கமே வன்தட்டுத் தொழிலைப் பினாங்குக்கு ஈர்த்தது. சீகேட் 1982இல் சிங்கப்பூரிலும், 1983இல் தாய்லாந்திலும் கால் பதித்தது. 1980களின் பிற்பகுதியில் பினாங்குக்கும் வந்தது. மிதக்கும் அந்தச் சிறு தலையைக் கையோடு பொருத்துவது நுண்ணோக்கி வேலை. அதற்குத் தேர்ந்த கரங்கள் இங்கே இருந்தன. நுட்பமாகக் கடைசல் செய்யும் உள்ளூர்ப் பட்டறைகளும் வளர்ந்திருந்தன. 1974இல் சிறு பட்டறையாகத் தொடங்கிய எங் நிறுவனம், பின்னாளில் வன்தட்டின் தலையைத் தாங்கும் கைகளைச் செய்து வழங்கியது. ஆகவே, தொலைநாட்டுப் பெயர் பொறித்த பெட்டியைப் பிரித்தபோது, அதற்குள் அடுத்த வீட்டு அக்காளின் கைவேலையும் இருந்திருக்கக்கூடும்.

இந்த வரலாற்றில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, நிறுவனங்களைப் பற்றியது. ஒரு காலத்தில் வன்தட்டு செய்தோர் பலர். கோனர் நிறுவனம் 1996இல் சீகேட்டோடு இணைந்தது. குவாண்டத்தின் வன்தட்டுப் பிரிவை 2001இல் மேக்ஸ்டர் வாங்கியது. 2006இல் அந்த மேக்ஸ்டரையே சீகேட் வாங்கியது. சாம்சங்கின் வன்தட்டுத் தொழிலும் 2011இல் சீகேட்டுக்குப் போனது. ஹிட்டாச்சியின் வன்தட்டு நிறுவனத்தை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2012இல் வாங்கியது. எஞ்சியிருப்போர் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவரே. ஆகவே "எந்தக் கம்பெனி?" என்ற கேள்வி பழைய கனத்தை இழந்துவிட்டது. "எந்த வேலைக்கு?" என்று கேட்பதே பொருந்தும்.

இரண்டாவது, இடத்தைப் பற்றியது. 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலையும், உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகளும் நீரில் மூழ்கின. சில வாரங்களில் உலகெங்கும் வன்தட்டின் விலை கிடுகிடுவென ஏறியது. ஓர் ஆற்றின் வெள்ளம் நம் கடையின் விலைச்சீட்டை மாற்றும் அளவுக்கு இத்தொழில் சில ஊர்களிலேயே குவிந்திருந்தது.

மூன்றாவது, காலத்தைப் பற்றியது. சுழலும் தட்டே இல்லாமல், சில்லிலேயே பதிவு செய்யும் எஸ்.எஸ்.டி. வந்தபின், மேசைக் கணிப்பொறியிலும் மடிக்கணிப்பொறியிலும் வன்தட்டின் இடம் சுருங்கியது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை 2019இன் இறுதிக்குள் மூடப்போவதாக 2018இல் அறிவித்தது. பல்லாண்டு அங்கே உழைத்தவர்கள் வேறு வேலை தேட நேர்ந்தது. கடையில் நாம் செய்யும் தேர்வுகள் ஒன்றுசேர்ந்து, தொலைவில் ஒருவரின் வேலையை ஆக்கவும் அழிக்கவும் செய்கின்றன என்பதையும் நாம் மறக்கலாகாது.

இப்பாடங்களோடு கடைக்குத் திரும்புவோம். கணிப்பொறியை இயக்கும் மென்பொருள்களுக்கு எஸ்.எஸ்.டி. ஏற்றது, விரைவாய்த் திறக்கும், அதிர்ச்சியையும் தாங்கும். படங்கள், திருமணக் காணொளிகள் போன்ற பெருஞ்சேமிப்புக்கு வன்தட்டு இன்றும் சிக்கனமானது. ஒரு டெராபைட் வாங்கினால் கணிப்பொறி சுமார் 931 ஜிகாபைட் என்று காட்டலாம். இது ஏமாற்று அன்று. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணிப்பொறி 1,024ஆக எண்ணுகிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விரைவு. 5,400 என்றால் ஓசையும் வெப்பமும் பொதுவாகக் குறைவு. பத்திரப்படுத்தி வைப்பதற்கு இரண்டாவதே போதும்.

உத்தரவாதச் சீட்டையும் கவனித்துப் படிக்க வேண்டும். அது தட்டுக்குத் தரப்படும் உறுதி. தட்டில் உள்ளவற்றுக்கு அன்று. தட்டு பழுதானால் மாற்றுத்தட்டு கிடைக்கும். வீடமைப்புத் திட்டங்களாய் மாறிவிட்ட தோட்டங்களின் லயன் வீடுகள், காலமான பாட்டியின் முகம், கோயில் திருவிழாவில் தாத்தா காவடி எடுத்த காட்சி ஆகியவற்றை எந்த நிறுவனமும் திருப்பித் தராது. தலை தட்டைத் தொட்டால் கேடு என்று முன்பு சொன்னோம். கீழே விழுந்தாலும், வெறுமனே முதுமை எய்தினாலும் அது நேரலாம். எஸ்.எஸ்.டி.யும் சாகாவரம் பெற்றதன்று.

நிறுவனங்கள் மறைந்தன, ஊர்கள் மூழ்கின, நுட்பங்கள் முதுமையடைந்தன. இவற்றைக் கண்ட நாம் ஒரே பொருளின்மேல் முழு நம்பிக்கை வைப்பது தகாது. பெரிய தட்டு ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் நடுத்தரத் தட்டுகள் இரண்டு வாங்குவோம். இரண்டிலும் ஒன்றையே பதிவு செய்வோம். ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று அண்ணன் வீட்டிலோ, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்தில் தங்கை வீட்டிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில், இரண்டையும் இயக்கிப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உள்ளிருப்பவற்றைப் புதுத்தட்டுக்கு மாற்றுவோம்.