தோப்பும் சுவரும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் காரியாபட்டிப் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு நாங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறோம். கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் முதலில் கேட்பது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியைத்தான். அப்துல் கலாம் படித்த இடம் அல்லவா! அந்தப் பெருமையில் நம் பங்கு என்ன?

1773இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். 1814இல் சபைக்கு மறுபடி உயிர் வந்தது. 1830களின் இறுதியில் பிரெஞ்சு சாமியார்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி, 1844இல் நாகப்பட்டினத்தில் கல்லூரி தொடங்கினார்கள். 1883இல் அது திருச்சிக்கு வந்தது. மறுமலர்ச்சிதான். யாருக்கு?

பழைய மிஷனில் ராபர்ட் தெ நொபிலி பார்ப்பனருக்காகச் சந்நியாசி வேடம் பூண்டார்; சேரிக்குப் போகப் பின்னாளில் வேறு பண்டாரசாமிகள் வந்தார்கள். அந்த வழக்கம் லேசில் போகவில்லை. 1890களில் இந்தக் கல்லூரியில் படித்துக் கிறிஸ்தவரான பார்ப்பன மாணவர்களைச் சொந்தபந்தம் விலக்கிவைத்தது. சாமியார்கள் அவர்களைக் கைவிடவில்லை. குடியிருக்கத் திருச்சியிலேயே செயின்ட் மேரீஸ் தோப்பு உருவானது. விலக்கப்பட்டவருக்கு வீடு கொடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. பிறப்பிலேயே விலக்கப்பட்டவருக்கு அதே ஊரில் கிடைத்தது, மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் நம் பிணங்களைப் பிரித்துவைத்த சுவர்.

இதே சபையின் இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியபோது, 1838இல் மேரிலாந்து சேசு சபையினர் தங்களிடமிருந்த 272 கறுப்பின அடிமைகளை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனுக்குப் போனது. மீண்டது கல்லூரி; சிதறியது குடும்பங்கள். 2016இல்தான் பல்கலைக்கழகம் மன்னிப்புக்கும், விற்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமைக்கும் முன்வந்தது. பழைய ஏடுகளில் அவர்கள் பெயர் இருந்தது. வாரிசுகளைத் தேட முடிந்தது.

நம்மைத் தேட ஏடு புரட்ட வேண்டியதில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது: 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். 1950ஆம் ஆண்டு ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதால், சான்றிதழில் நம் பிள்ளை பி.சி. பட்டியல் இனத்துக்கான இடம் அவனுக்குக் கிடையாது. அரசு மூடிய கதவைத் திறக்கச் சிறுபான்மை நிறுவனங்களின் கையில் சொந்தச் சாவி இருக்கிறது. 1980களுக்குப் பின் தலித் கிறிஸ்தவர் இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் சில இடங்களில் அது லேசாகத் திரும்பியது.

எத்தனை தலித் கத்தோலிக்கரைச் சேர்த்தார்கள், எத்தனை பேரைப் பேராசிரியர் ஆக்கினார்கள் என்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு கத்தோலிக்கக் கல்லூரியும் ஆண்டுதோறும் வாசலில் எழுதி ஒட்டட்டும். அடுத்த மே மாதம் விண்ணப்பத்தோடு நாங்கள் அங்கே வருவோம்.