புகையும் உணரியும்: மோட்டார் வாகன உணரிகளின் தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றை ஆக்கியோரின் அறிவாற்றலையே பெரிதும் எடுத்துரைப்பர். எத்தகைய சமுதாயத் தேவை அக்கருவியை வேண்டிநின்றது என்னும் வினா பெரும்பாலும் பின்தள்ளப்பட்டுவிடும். மோட்டார் வாகனத்தின் எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் அமைந்துள்ள உணரிகளின் வரலாறு இவ்வினாவை மீண்டும் எழுப்புகின்றது. வெப்பநிலை, அமுக்கம், சுழற்சி வேகம், ஒட்சிசனின் அளவு முதலியவற்றை மின்சமிக்ஞையாக மாற்றிக் கணினிக்கு அறிவிக்கும் இச்சிறு கருவிகள் அறிவியல் வளர்ச்சியின் இயல்பான விளைவுகள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின், அவற்றுக்கு வேண்டிய அறிவியல் நெடுங்காலம் முன்பே கைவசமிருந்தது. அதனை வாகனத்துள் பரவலாகக் கொணர்ந்தவை மக்களின் மூச்சுத்திணறலும் அதன்வழிப் பிறந்த சட்டமுமே எனலாம்.

தொடக்ககால வாகனங்களில் உணரும் பணி மனிதப் புலன்களுக்கே உரியதாயிருந்தது. 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் 'மொடல் ரீ' காரில் தீப்பொறி எழும் நேரத்தைச் சாரதியே ஒரு நெம்பினால் மாற்றவேண்டியிருந்தது. எஞ்சினின் ஒலியைச் செவியாற் கேட்டும், புகையின் நிறத்தைக் கண்ணாற் கண்டும் திருத்துநர் காபுரேற்றரின் திருகைச் சரிசெய்தனர். 1939இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அறிமுகஞ்செய்த 'ஹைட்ராமற்றிக்' தானியங்கிக் கியர்ப் பெட்டி வாகனத்தின் வேகத்தைத் தானே அறிந்து கியரை மாற்றியது உண்மையே. ஆயினும் அது சுழலும் எடைகளாலும் எண்ணெய் அமுக்கத்தாலும் இயன்ற பொறிமுறையேயன்றி மின்சமிக்ஞையைக் கொண்டதன்று.

அறிவியலோ பன்னெடுங்காலம் காத்திருந்தது. காந்தப்புலம் மாறுமிடத்து அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்தார். மின்னோட்டம் செல்லும் கடத்தியிற் காந்தப்புலம் ஏற்படுத்தும் விளைவை எட்வின் ஹோல் 1879இல் வெளியிட்டார். சில பளிங்குகளை அழுத்தும்போது மின்னேற்றம் தோன்றுவதை 1880இல் கியூரி சகோதரர் காட்டினர். 1889இல் வால்தர் நேர்ன்ஸ்ற் செறிவு வேறுபாட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக அமைத்தார். பிற்கால வாகன உணரிகளுட் பல இந்நான்கு கண்டுபிடிப்புகளுள் ஒன்றைத் தழுவியே இயங்குகின்றன. எனினும் வாகன உற்பத்தியாளர் அவற்றை அவசரமாக நாடினாரல்லர். 1957இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் இலத்திரனியல் முறையில் எரிபொருளைப் பீச்சும் அமைப்பொன்றை வெளியிட்டது. அது மிகச் சில வாகனங்களிலேயே பொருத்தப்பட்டது; அவற்றுட் பலவும் பின்னர் காபுரேற்றருக்கே மீண்டன.

மாற்றத்தின் வித்து வேறோர் இடத்தில் விழுந்திருந்தது. 1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலின் பகைவரின் நச்சுவாயுத் தாக்குதலோ என மக்கள் அஞ்சினர். அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்னும் ஒல்லாந்த வேதியியலறிஞர் பின்னர் இப்புகையின்பால் கவனத்தைத் திருப்பினார். வாகனங்களும் எண்ணெய்த் தொழிலும் வெளிவிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் கலந்தே இம்மூட்டத்தை ஆக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். பகைவர் வெளியிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு வீட்டின் முற்றத்திலும் நின்ற வாகனமே பகையாயிற்று.

கலிபோர்ணியா தன் புகை விதிகளை இறுக்கிற்று. 1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம், குழாயினுள் நிலவும் அமுக்கத்தை உணர்ந்து எரிபொருளை அளந்துவிடும் அமைப்பை அமெரிக்கச் சந்தைக்கான வொக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்தியது இதன் பயனேயாம். 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தமோ காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் 90 வீதம் குறைக்குமாறு பணித்தது. உற்பத்தியாளர் எதிர்த்தனர்; காலக்கெடுக்கள் பின்போடப்பட்டன; ஆயினும் சட்டம் நிலைத்தது.

புகையைத் தூய்மையாக்கும் வழியாக ஊக்கிமாற்றி அமைந்தது. இங்கே ஒரு முரண்பாடு எழுந்தது. காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் நீங்க ஒட்சிசன் சேரவேண்டும். நைதரசன் ஒட்சைட்டு நீங்க ஒட்சிசன் பிரியவேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நீக்க வேண்டுமாயின், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் நிறை விகிதம் வழுவாது பேணப்படல் வேண்டும். தேர்ந்த திருத்துநரின் செவியும் இத்துணை நுண்மையை எட்டாது.

இத்தேவையை நிறைவுசெய்ததே ஒட்சிசன் உணரி. சிர்க்கோனியம் ஈரொட்சைட்டினாலான சிறு குப்பி போன்ற அதன் உட்புறம் வெளிக்காற்றையும், வெளிப்புறம் எஞ்சினின் புகையையும் தொட்டு நிற்கும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் அப்பொருள் ஒட்சிசன் அயன்களைக் கடத்தும். புகையில் ஒட்சிசன் குறைந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ற்றும், மிகுந்தால் 0.1 வோல்ற்றும் தோன்றும். முன்னையது எரிபொருள் மிகை, பின்னையது குறை. கணினி அதற்கேற்ப எரிபொருளைக் கணந்தோறும் திருத்தும். 1976இல் வொல்வோ நிறுவனம் கலிபோர்ணியாவுக்கென ஆக்கிய கார்களில் பொஷ் நிறுவனத்தின் இவ்வுணரி முதன்முதலாக இடம்பெற்றது. நேர்ன்ஸ்றின் சமன்பாடு வீதிக்கு வர 87 ஆண்டுகள் சென்றன.

கணினி வந்தபின் ஏனைய உணரிகளும் அதனைச் சூழ்ந்தன. 1978இல் பியூக் நிறுவனத்தின் காரொன்றில் எஞ்சினின் தட்டொலியை அறியும் உணரி பொருத்தப்பட்டது. கியர்ப் பெட்டியில் பற்சில்லொன்று காந்தமும் சுருளுங் கொண்ட உணரியைக் கடந்து சுழல, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு எழும். உட்செல்லும் தண்டினதும் வெளிவரும் தண்டினதும் வேகங்களை ஒப்பிட்டு, கியர் சரிவரப் பற்றியதா, வழுக்குகின்றதா என்பதைக் கணினி அறியும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் யாவும் தம் குறைகளைத் தாமே கண்டறிந்து பதிவுசெய்யும் பொது முறையைக் கொண்டிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. திருத்துநரின் செவியில் வாழ்ந்த அறிவு குறியீட்டெண்களாக மாறிற்று. அனுபவத்தின் மதிப்பு சற்றுத் தாழ்ந்ததும், தேர்ச்சியற்றோரும் பழுதை அறியும் வாயில் திறந்ததும் ஒரே மாற்றத்தின் இரு முகங்களாம்.

இவ்வரலாற்றின் கசப்பான இயலொன்று 2015 செப்ரெம்பரில் வெளிப்பட்டது. வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களின் கணினியில் ஏமாற்று நிரலொன்றைப் புகுத்தியிருந்ததாக அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அறிவித்தது. சுக்கானின் நிலை, வேகம், ஓட்டத்தின் கால அளவு, வளிமண்டல அமுக்கம் ஆகியவற்றைக் கொண்டு, கார் பரிசோதனைக்கூடத்தில் நிற்பதை அந்நிரல் கண்டுகொண்டது. அங்கு மட்டுமே புகைக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கியது. வீதியிலோ நைதரசன் ஒட்சைட்டு அனுமதித்த அளவின் 40 மடங்கு வரை வெளியேறியது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்நிரல் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. உணரிகள் பொய்யுரைக்கவில்லை, அவை கூறிய உண்மையே பொய்க்குப் பயன்பட்டது. அப்பொய்யை வெளிக்கொணர வழிவகுத்தவர் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளராவர். அவர்கள் செய்ததெல்லாம் அளவைக் கருவியை வாகனத்திலேற்றி வீதியில் ஓட்டிப் பார்த்ததே.

சுருங்கக் கூறின், ஆய்வுகூடத்திற் பிறந்த உணரியை வாகனத்துக்கு அழைத்துவந்தது சமுதாயத்தின் தேவை. அதனை நிலைநிறுத்தியது சட்டம். ஆயினும் உணர்வது கருவியின் தொழில். உணர்ந்ததை உள்ளவாறு உரைப்பது மனிதரின் கடன். அக்கடன் வழுவுமிடத்து, அளந்து பார்த்துக் கேள்வி எழுப்பும் மக்களே இறுதி உணரியாய் நிற்கவேண்டியவராவர்.