உப்பில்லா பாஸ்வேர்டு குப்பையிலே! - தற்காலிக பாஸ்வேர்டு A டு Z

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆர் வழியா போனா, மரக்காணத்துல உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. சாப்பாட்டுக்கு மட்டுமில்ல, உங்க பாஸ்வேர்டுக்கும் 'உப்பு' போடுவாங்கனு தெரியுமா? அதுக்கு முன்னாடி, தற்காலிக பாஸ்வேர்டு கதையைப் பார்த்துடலாம்.

எல்லாருக்கும் ஒரே சாவியா?

காலேஜ் வைஃபை, ஆபீஸ் லாகின் என எதில் புது அக்கவுன்ட் திறந்தாலும், அட்மின் முதலில் ஒரு தற்காலிக பாஸ்வேர்டு தருவார். பல இடங்களில் அது எல்லாருக்கும் ஒரே 'வெல்கம்@123'. இல்லைன்னா, பெயரும் பிறந்த வருஷமும். அக்கவுன்ட் திறந்த நேரத்துக்கும் நீங்க முதல்முறை லாகின் செய்யும் நேரத்துக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கே, அதுதான் ஆபத்து. பக்கத்து சீட்காரரே உங்களுக்கு முன்னாடி உள்ளே போய், பாஸ்வேர்டை மாத்திட முடியும்!

2025-ல் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சி.சி.டி.வி வீடியோக்கள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. 'அட்மின்123' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் ஓட்டை என்று செய்திகள் வெளியாகின. இப்படி எளிதில் ஊகிக்கக்கூடிய டீஃபால்ட் பாஸ்வேர்டுடன் ஸ்மார்ட் சாதனங்களை விற்க, பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடையே போட்டுவிட்டது.

ரேண்டம் ஏன் பெஸ்ட்?

உங்க பெயர் தெரிஞ்சவருக்குப் பிறந்த வருஷத்தைக் கண்டுபிடிக்க, அதிகபட்சம் 100 முயற்சி போதும். பர்த்டே போஸ்ட் போட்டிருந்தா அதுவும் வேண்டாம். ஆனா ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள் என 62 குறிகளிலிருந்து 8 இடத்தைக் கம்ப்யூட்டரே குலுக்கிப்போட்டு நிரப்பினால், சுமார் 218 லட்சம் கோடி வாய்ப்புகள்!

அந்த 'உப்பு' எதுக்கு?

நல்ல சர்வர் உங்க பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காது. திரும்பப் பிரிக்க முடியாத 'ஹேஷ்' ஆக மாற்றி வைக்கும். மாற்றும்போது ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு ரேண்டம் துணுக்கைச் சேர்க்கும். அதன் பெயரே 'சால்ட்'. இதனால் ரெண்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு இருந்தாலும், சர்வரில் வேற வேறயா இருக்கும். யூனிக்ஸ் சிஸ்டத்தில் இந்த முறையைப் பற்றி ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அப்படியும் 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஹேஷ்களில் உப்பே இல்லை. விளைவு, ஏராளமான பாஸ்வேர்டுகள் சீக்கிரமே உடைந்தன. அதுக்காக உப்பு போட்டாலும் 'வெல்கம்@123' தப்பிக்காது. அது எல்லாரும் முதல்ல ஊகிக்கிற வார்த்தை!

அக்கவுன்ட் திறந்து தருபவரா நீங்க?

* நீங்களே யோசிச்சு வைக்காதீங்க. பாஸ்வேர்டு மேனேஜரில் உள்ள ஜெனரேட்டரை விடுங்க. பைத்தானில் எழுதினால் 'ரேண்டம்' வேண்டாம், 'சீக்ரெட்ஸ்' மாட்யூல்தான் சரி.
* பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும், ஒன்றும் சின்ன 'எல்'லும் குழப்பும். அவற்றைத் தவிர்த்துட்டு, ஒரு எழுத்து கூடுதலா வைங்க.
* யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஒரே மெசேஜில் போகவேண்டாம்.
* முதல் லாகினில் மாற்றியே ஆகணும், குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகணும் என செட் பண்ணுங்க.

வாங்குபவரா?

கிடைச்ச உடனே லாகின் செய்து மாத்துங்க. ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வேண்டாம். 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தால், சும்மா விடாம அன்னைக்கே அட்மினிடம் சொல்லிடுங்க!