மரத்துக்கு ஏற்ற எஞ்சின்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காடாம்புலியூர் வந்துவிட்டதா என்று கண்டக்டரைக் கேட்கவே வேண்டாம். மூக்கு சொல்லிவிடும். சீசனில் பலாப்பழம். மற்ற நாளில் முந்திரிக்கொட்டை வறுபடும் நெடி. அந்தக் கொட்டை ஓட்டின் எண்ணெய் கையில் பட்டால் தோல் உரிந்துபோகும். அதையே மரப்படகில் பூசினால் பூச்சி அண்டாது. படகுக்குப் பழைய காலத்துப் பெயின்ட்களில் அதுவும் ஒன்று.

கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடலூர்க் கடற்கரை. பழைய படகு வைத்திருக்கும் யாரிடமாவது, “எஞ்சின் போயிடுச்சேண்ணே, வேற என்ன போடப் போறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி யோசிப்பார். யோசிக்கத்தான் வேண்டும். இதே கேள்வியில் ஒரு சர்வதேசத் திட்டமே தடம் மாறியிருக்கிறது.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. நார்வேயில் பிறந்து அங்கே குடியேறியவர் ஓலே எவின்ரூட். 1906-ல் ஒரு வெயில் நாள். பிற்பாடு மனைவியான பெஸ் ஐஸ்கிரீம் கேட்க, ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார் மனிதர். திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் படகின் பின்னால் மாட்டும் எஞ்சின் என்பார்கள். ஐஸ்கிரீம் எவ்வளவு நிஜமோ, 1909-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் நிஜம். ஒன்றரைக் குதிரைச் சக்தி, 28 கிலோ எடை.

அடுத்ததும் நார்வேதான். 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்துப் போட்டன. மறு வருஷம் கொல்லம் பக்கம் நீண்டகரையில் வேலை தொடங்கியது. நார்வே வேறொரு நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சி உதவி இதுதான். இருக்கிற நாட்டுப் படகுகளிலேயே எஞ்சின் வைத்துக் கொடுப்பது என்று எண்ணம். ஆனால் அலையில் ஏறி மணலில் இழுத்து நிறுத்தும் படகுக்குள் எஞ்சினை எங்கே வைப்பது? சரிப்படவில்லை. ‘எஞ்சினுக்குப் படகு பொருந்தவில்லையா, படகை மாற்று’ என்று முடிவானது. புதிய விசைப்படகுகள் வந்தன. பின்னால் இறால் ஏற்றுமதி சூடுபிடிக்க, இழுவை வலை போட்ட படகுகள் பெருகின. கரையோரத்து ஆட்களுக்கும் அவர்களுக்கும் மோதல். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1983-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தப் பக்கம் கட்டுமரக்காரர் என்ன செய்வார்? வேகத்துக்கு வேகம்தான் பதில். ஆனால் கட்டுமரம் என்பது கயிற்றில் கட்டிய மரங்கள். எஞ்சின் மாட்டப் பின்பலகை ஏது? குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுக்காரரான பியர் ஜில்லே இதற்காகவே பிளைவுட் படகுகளை வடிவமைத்தார். பட்ட பாட்டையெல்லாம் 1985-ல் புத்தகமாகவும் எழுதினார். தலைப்பு, ‘சிறியது கடினம்’. ‘சிறியதே அழகு’ என்று ஷூமேக்கர் எழுதியதைக் கிண்டலடித்து வைத்த பெயர். அனுபவித்தவருக்குத்தானே தெரியும்!

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வந்தன. எடை குறைவு. தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே கடலில் கலந்துவிடும். டீசலோடு ஒப்பிட்டால் செலவு ஏறத்தாழ இரட்டிப்பு. சோழமண்டலக் கரையில் இதற்குக் கிடைத்த பதில் தாய்லாந்துப் பாணி ‘லாங் டெயில்’. டீசல் எஞ்சினில் நீளமான தண்டு, நுனியில் புரொப்பெல்லர். அலை உடையும் இடத்தில் கையாலேயே அமுக்கித் தண்டைத் தூக்கிவிடலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மரங்களும் போயின. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். முந்திரி எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை.

அந்த ஃபைபர் படகுகளும் இப்போது பழசாகிவிட்டன. எஞ்சின் மாற்றுகிற நேரம். பெரிசாகப் போட்டால் வேகமாகப் போகலாம் இல்லையா? கனமாக, தண்ணீரில் அமிழ்ந்து போகிற படகுக்கு அப்படி இல்லை. தண்ணீரில் படியும் நீளம் 25 அடி என்றால், சுமார் ஆறரை நாட் வேகத்தோடு சரி. அதற்கு மேல் கொடுக்கிற சக்தியெல்லாம் அலை கிளப்பத்தான். சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக 1986-ல் கல்பிரான்ட்சன் இதை விவரமாகவே எழுதினார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே எரிபொருள் நிறைய மிச்சமாகும் என்றார். அவரும் நார்வேக்காரர்தான்!

தெரிந்தும் பெரிய எஞ்சின் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதலில் கரைக்கு வரும் மீனுக்குத்தான் ஏலத்தில் விலை. பக்கத்துப் படகு முந்திக்கொண்டால் கணக்குப் புத்தகமா காசு தரும்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புகை குறைந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அதே சக்திக்கு எடை கூடுதல். லேசான எஞ்சினுக்கென்று கட்டிய பழைய படகில் மாட்டினால் அமரம் தாழ்ந்து, அணியம் தூக்கிக்கொள்ளும். தண்டு குட்டையாக இருந்தால் புரொப்பெல்லர் காற்றைக் குடிக்கும். நீளமாக இருந்தால் தண்ணீரில் இழுத்துக்கொண்டே வரும். அதனால் விவரமான ஆள் கடைக்குப் போகுமுன் டேப்பைத் தேடுவார். பின்பலகை உயரம் 15 அங்குலமா, 20 அங்குலமா என்று பார்ப்பார். பலகை உளுத்திருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்துவார். விலை கேட்பது அதற்கப்புறம்தான்.