மரம் போகட்டும், சருகு இருக்கட்டும்: தென் ஆஸ்திரேலியப் பைன் தோட்டங்களின் மண்வள வரலாறு

வளர்ப்புக் காடுகளில் மரம் வெட்டுவதால் மண் மெலிகிறதா என்ற கேள்விக்கு இரண்டாம், மூன்றாம் சுற்று நடவுகளைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. ஒரு சுற்று முடியவே முப்பது, நாற்பது ஆண்டு ஆகும். அத்தனை காலம் ஒரே நிலத்தின் கணக்கை விடாமல் எழுதிவைத்த இடங்கள் உலகில் சிலவே. தென் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் மவுண்ட் கேம்பியர், பெனோலா ஊர்களைச் சுற்றியுள்ள பைன் தோட்டங்கள் அவற்றுள் ஒன்று.

அம்மாநிலத்தில் அரசின் மர நடவு 1876இல் பண்டலீரில் தொடங்கியது. பவேரியாவில் எபர்மேயர் காட்டுச் சருகைப் பற்றிய தம் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். கால்நடைக்குப் படுக்கையாகச் சருகை ஆண்டுதோறும் வாரிச்சென்றதில் காடு நலிந்ததை அவர் வேதியியல் அளவுகளோடு காட்டினார். 1955இல் ரென்னி என்பவர் பிரிட்டனின் ஏழை மண்களுக்கு வரவு-செலவுக் கணக்குப் போட்டு, அறுவடையே சுண்ணாம்புச்சத்தை வற்றச் செய்துவிடும் என்று எச்சரித்தார். ஆனால் அது தாளில் போட்ட கணக்கு. நிலத்தில் நடந்த இழப்பை அளந்து காட்டியது தென் ஆஸ்திரேலியாதான்.

கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட ரேடியாட்டா பைன் இங்கே செழித்தது. மண்ணோ பெரும்பாலும் பழைய கடலோர மணல். மேலே மெல்லிய கருமை, அதன் கீழே வெளுத்த சாம்பல்நிற மணல், அடியில் சுண்ணாம்புப் பாறை. தழைச்சத்தில் பெரும்பகுதி அந்த மேல் கருமையிலும் அதன்மேல் கிடக்கும் ஊசியிலைச் சருகிலுமே அடங்கியிருந்தது. வனத்துறையினர் ஏறத்தாழப் பத்து வயதில் ஒவ்வொரு தோட்டத்தையும் ஏழு தரங்களாகப் பிரித்து வரைபடமாக்கி வந்தனர். இந்தச் சலிப்பூட்டும் அலுவலகப் பழக்கம் இல்லாவிட்டால் அடுத்து வந்த கண்டுபிடிப்பே நிகழ்ந்திராது.

1966இல் கீவ்ஸ் முதல் சுற்று வரைபடங்களையும் இரண்டாம் சுற்றின் வளர்ச்சியையும் இடத்துக்கு இடம் ஒப்பிட்டார். பெரும்பாலான இடங்களில் விளைச்சலில் கால் பங்கு அளவு குறைந்திருந்தது. ஒற்றை மர நடவே மண்ணைக் கெடுக்கிறது என்று சிலர் உடனே முடிவுகட்டினர். பைன் ஊசியிலை மண்ணைப் புளிக்கவைக்கிறது என்ற பழைய ஐரோப்பியச் சந்தேகமும் துணைக்கு வந்தது.

சத்து மரத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தபோது வழக்கு வேறு பக்கம் திரும்பியது. உலர் எடையில் ஊசியிலையில் தழைச்சத்து ஒரு விழுக்காட்டுக்கு மேல். அடிமரக் கட்டையிலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே லாரியில் ஏறிய கட்டை கொண்டுபோன சத்து, அதன் பருமனைப் பார்த்து நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. கொம்பும் இலையும் சருகும் தோட்டத்திலேயே கிடந்தன. அடுத்த நடவுக்கு இடம் துப்புரவாக வேண்டும் என்பதற்காக அவற்றைக் கொளுத்தினார்கள். எரியும்போது மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பல் கண்ட கன்று தொடக்கத்தில் குபுகுபுவென வளர்வதால் இழப்பு உடனே கண்ணில் படாது. போதாக்குறைக்கு, முதல் சுற்றில் அவ்வளவாக இல்லாத களையும் புல்லும் திறந்த நிலத்தில் நீரையும் சத்தையும் பங்குகேட்டன.

1970களில் எரிப்பதை நிறுத்திக் கழிவை நிலத்திலேயே விடும் சோதனைகள் தொடங்கின. எல்லைக்கு அப்பால் விக்டோரியா மாநிலத்தின் ரென்னிக்கில், கழிவும் சருகும் விடப்பட்ட மணலில் இரண்டாம் சுற்று முதல் சுற்றுக்கு ஈடாகவே வளர்ந்தது. களைக்கட்டுப்பாடு, உரம், தேர்ந்த கன்று ஆகியவையும் சேர்ந்தன. 2010இல் ஓ'ஹேரும் நம்பியாரும் வெளியிட்ட நூற்றாண்டுக் கணக்கு, இரண்டாம் சுற்றின் சரிவு மீட்கப்பட்டதையும் மூன்றாம் சுற்று முந்தையவற்றை விஞ்சியதையும் காட்டியது. இதை மண்ணின் வெற்றி என்று மட்டும் எழுதுவது மிகை. நல்ல விதையும் களைக்கொல்லியும் வளர்ச்சியைத் தூக்கிவிட்டன. மரத்தின் உயரத்தை வைத்து மண்ணின் இருப்பைச் சொல்லிவிட முடியாது.

இந்த எச்சரிக்கைக்கு அமெரிக்கச் சான்று உண்டு. 1989இல் அந்நாட்டு வனத்துறை தொடங்கிய நீண்டகால மண்வளச் சோதனையில், மேற்பரப்புச் சருகு முழுவதையும் அகற்றிய இடங்களில் மண்ணின் கரிமமும் சத்தும் குறைந்தன. பத்தாண்டு வரை மர வளர்ச்சியில் அதன் சுவடு தெரியவில்லை. காங்கோவின் பாயிண்ட் நுவார் மணலிலோ, கழிவை அகற்றியதும் யூகலிப்டஸ் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. கையிருப்பு வற்றிய மண் உடனே காட்டிக்கொடுக்கிறது; வளமான மண் கடனை மறைத்துவைக்கிறது. முழுமரத்தையும் கொம்போடும் இலையோடும் எரிபொருளுக்கு இழுத்துச் செல்லும் முறையை மதிப்பிட இந்த வேறுபாடுதான் அளவுகோலாக வேண்டும் என்பது என் கருத்து.

2012இல் தென் ஆஸ்திரேலிய அரசு இத்தோட்டங்களில் 3 சுற்று வரையிலான, 105 ஆண்டுக்குரிய அறுவடை உரிமையை 67 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குத் தனியாரிடம் விற்றது. நிலம் அரசிடமே இருக்கிறது. மரத்தின் கணக்கு ஒருவருடையது, மண்ணின் கணக்கு இன்னொருவருடையது என்ற நிலை; இரண்டையும் சேர்த்து எழுதிய பழைய தர வரைபடங்களை இனி யார் தொடர்வது என்பது திறந்தே கிடக்கும் கேள்வி.